ரோடு மைக்கும் அதன் பெட்டியும்: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மதிப்புரை

காலையில் ஸ்டூடியோவைத் திறந்ததும் நான் முதலில் போடுவது தரையோரம் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியின் சுவிட்சை. விளக்கு, மின்விசிறி, கணினி எல்லாம் அதற்குப் பிறகுதான். பெருக்கிவிட்டு, கீழே இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் பெட்டி வெதுவெதுப்பாகி, மேலே ஸ்டாண்டில் தொங்கும் மைக்கின் வயிற்றுக்குள் வால்வு (பழைய ரேடியோக்களில் சூடேறி எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழல்) சூடேறி நிலைக்கு வந்திருக்கும். அதன் பிறகே யாரையும் பாடச் சொல்வேன். பாட வருகிற பிள்ளைகள் இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

மைக்கின் பெயர் ரோட் என்டிகே. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அது ‘ரோடு மைக்’. 2018இல், கடையைக் கட்டிவிட்டு ஊருக்குப் போன ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். மைக், பவர் சப்ளை பெட்டி, இரண்டையும் இணைக்கும் ஏழு முனைக் கேபிள், எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். ஏழு வருடம் தினமும் பழகிவிட்டு எழுதுவதால், பெட்டியைப் பிரித்த அன்றே எழுதும் மதிப்புரைகளில் இருக்கும் உற்சாகம் இதில் இருக்காது. வேறு சில விஷயங்கள் இருக்கும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் நைனா வண்ணாரப்பேட்டையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், மஞ்சள் நீராட்டு, சாவு எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம். அவரிடம் இருந்த ஆம்ப்ளிஃபையர்கள் வால்வு போட்டவை. பென்சிலின் மரப்பக்கத்தால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ‘ணங்’ என்று ஸ்பீக்கரில் பதில் சொல்லும் வால்வைப் பிடுங்கி ஓரமாக வைப்பார். அந்தப் பென்சில் வைத்தியம் இந்த மைக்குக்கும் பின்னால் உதவியது.

முதலில் ஒலி. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கானா பாடுகிறவர்கள். இரவெல்லாம் சாவு வீட்டில் பாடிவிட்டு, விடிந்ததும் அந்தக் கரகரப்போடு நேரே வந்து நிற்பவர்கள் உண்டு. அதற்கு முன் நான் வைத்திருந்த மலிவு கண்டென்சர் மைக்கில் அந்தக் குரல்கள் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டியதுபோல விழும். ‘ச’வும் ‘ஷ’வும் கடுகு வெடிக்கும். இந்த மைக்கில் கரகரப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் நெஞ்சு இருப்பது கேட்கிறது. வால்வு என்றால் தேன் ஒழுகும், எல்லாம் மென்மையாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இதன் மேல்பக்கத்தில் நல்ல பளபளப்பு உண்டு. மெல்லிய பெண்குரலுக்கும், மூக்கால் பாடுகிறவர்களுக்கும் அது கூடிப்போகிறது. அவர்களுக்கு நான் மேடையில் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக்கைத்தான் வைக்கிறேன்.

மேடைப் பழக்கத்தில் வருகிறவர்கள் மைக்கை உதட்டில் ஒட்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும் என்பதை வார்த்தையால் சொல்லிப் பயனில்லை. பூத்தையல் வளையத்தில் பழைய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி, மைக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறுத்திவிட்டேன். எச்சில் தடுப்பு, தூரக் கணக்கு, இரண்டு வேலையும் அது செய்கிறது. மைக்கில் தங்கப் புள்ளி இருக்கும் பக்கம்தான் அதன் முகம். பின்பக்கம் பாடி ஒரு முழுப் பாட்டையும் முடித்தவர் ஒருவர் உண்டு. அன்றைக்குக் கவனிக்காமல் விட்டது நான்தான்.

இந்த மைக் 158 டெசிபல் வரை தாங்கும் என்று விவரத்தாள் சொல்கிறது. டோலக்கின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், அசரவில்லை. அசருவது அதற்குப் பின்னால், மைக்கின் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப். மைக்கிலேயே ஒலியைத் தணிக்கும் சுவிட்ச் கிடையாது, அடித்தள ஒலியை வெட்டும் சுவிட்சும் கிடையாது. எங்கள் தெருமுனையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்பினால் கட்டடமே முனகும். ரோடு மைக்கில் ரோடும் சேர்ந்து பதிவாகும். ஆகவே இரண்டு வசதியும் உள்ள ப்ரீஆம்ப் இல்லாமல் இதை வாங்காதீர்கள். அதே சமயம் மைக்கின் சொந்த இரைச்சல் 12 டெசிபல்தான். நள்ளிரவில் லாரி ஓய்ந்த பிறகு ஒரு பாட்டி பாடிய தாலாட்டைப் பதிந்தேன். மூச்சு எடுக்குமுன் உதடு பிரியும் ஒலி வரை கிடைத்தது.

இனி பெட்டிக்கு வருகிறேன். மைக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் மேலே இருப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு ஏழு வருடத்தில் வந்த தலைவலிகளில் முக்கால்வாசி கீழே இருக்கும் பெட்டி வழியாகவே வந்தன.

“எல்லா கண்டென்சர் மைக்கும் மிக்ஸரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை செய்கிறதே, இதற்கு மட்டும் ஏன் தனிப் பெட்டி?” என்று உதவிக்கு வந்த தம்பி முதல் நாளே கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தப் பொத்தான் தருவது 48 வோல்ட், அதிலிருந்து எடுக்கக்கூடியது 10 மில்லி ஆம்பியர். பெருக்கினால் அரை வாட் கூட வராது. உள்ளே இருப்பது 6922 என்னும் இரட்டை டிரையோடு வால்வு, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. அதன் சூடேற்றும் இழைக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு வாட். அது போக, வால்வின் தகட்டுக்கு உயர் மின்னழுத்தம் தனியாக வேண்டும். நைனா காலத்து ரேடியோ மெக்கானிக்குகள் அதை ‘எச்.டி.’ (ஹை டென்ஷன்) என்பார்கள். வால்வு மைக்குகளில் அது பெரும்பாலும் நூறு வோல்ட்டைத் தாண்டும், அதுவும் டிசி. இவ்வளவையும் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைக் கொண்டு தயாரித்து, வடிகட்டி, ஏழு கம்பிகளில் மேலே அனுப்புவது பெட்டியின் வேலை. பாடகரின் குரல் கீழே இறங்கி வருவதும் அதே கேபிளில்தான். ஆகவே பெட்டியில் இருக்கும் அழுக்கு எல்லாம் குரலில் ஏறும். மிக்ஸரின் 48 வோல்ட் பொத்தானை நான் அணைத்தே வைத்திருக்கிறேன், இந்த மைக்குக்கு அது தேவையே இல்லை.

அந்தத் தம்பி மூன்றாவது வாரம், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழு முனைக் கேபிளைத் திருகி இழுத்துவிட்டான். ‘டொம்’ என்று ஒரு வெடி. மானிட்டர் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வந்து உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். மைக் பிழைத்தது, அவன் முகம்தான் வெளுத்துவிட்டது. திட்டவில்லை, ஏனென்றால் அவனுக்கு முறையைச் சொல்லிக்கொடுக்காதது நான். அன்று சாக்பீஸால் சுவரில் எழுதினேன், இன்னும் இருக்கிறது: முதலில் மிக்ஸரில் ஒலியை இறக்கு. பிறகு பெட்டியை அணை. ஐந்து நிமிடம் கை கட்டி நில். பிறகு கேபிளைத் தொடு. பெட்டிக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் சுவிட்சை அணைத்ததும் காலியாகிவிடுவதில்லை என்பதால்தான் அந்த ஐந்து நிமிடம். மாட்டும்போது இதையே தலைகீழாக: கேபிள் இரண்டு பக்கமும் இறுகிய பிறகே சுவிட்ச்.

வாங்கிய முதல் வருடம் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம் விடாமல் வந்தது. மைக்கை விற்றவரை மனதுக்குள் நிறையத் திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. ஹம்மைப் பற்றி ஒரு விஷயம் கற்றுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறு, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் போன்றவை பெரும்பாலும் 50லேயே ஊதும். பெட்டிக்குள் ஏசியை டிசியாக மாற்றும் இடத்தில் வடிகட்டல் சரியில்லை என்றால் 100 ஹெர்ட்ஸில் ஊதும், ஏனெனில் அலையின் இரண்டு பாதியும் மடித்து அனுப்பப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு ஸ்தாயி, கீழ் ‘ச’வும் மேல் ‘ச’வும் போல. கைபேசியில் ஒலி எழுப்பும் செயலியை வைத்து ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என்னுடையது கீழ் ‘ச’. கணினி ஒரு பிளக்கில், பெட்டி எதிர்ச் சுவரில் வேறொரு பிளக்கில். இரண்டுக்கும் இடையே எர்த்தில் வித்தியாசம். வந்த எலக்ட்ரீஷியன், “பெட்டியின் எர்த் முனையை வெட்டிவிட்டால் ஹம் நின்றுவிடும், அண்ணா” என்றார். நிற்கும்தான். ஒரு நாள் உள்ளே கம்பி ஏதாவது பெட்டியின் உடலைத் தொட்டால், மைக்கைப் பிடிக்கிறவனின் மூச்சும் நிற்கும். நூறு வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும் சாமானில் எர்த்தை வெட்டச் சொல்கிறவரிடம் வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரரைக் கெஞ்சி, மாடிப்படிக்குக் கீழே இருந்த எர்த் குழியைத் திறந்து பார்த்தோம். சித்திரை வெயிலில் மண் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. கரியும் உப்பும் புதிதாகப் போட்டு நிரப்பினோம். வெயில் மாதங்களில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இப்போது என் பொறுப்பு. மிச்சமிருந்த மெல்லிய ‘ஸ்ஸ்ர்’ மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரிலிருந்து வந்தது. பதிவின்போது விசிறியை அணைத்துவிடுகிறோம். வியர்த்தபடி பாடினால் உணர்ச்சி கூடுகிறது என்று ஒருவர் சொன்னார், நல்ல மனிதர்.

மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு முதலில் ரிலே வைத்த ஸ்டெபிலைசர் போட்டேன். அது ‘டக்’ ‘டக்’ என்று மாற்றும் ஒவ்வொரு முறையும் மைக் கேட்டது. வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தேன். சதுர அலை இன்வெர்ட்டர், பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் சிறுத்தைக் குட்டி போல உறுமியது. கடைசியில் சுத்தமான சைன் அலை தரும் ஆன்லைன் யூபிஎஸ். அதன் விலை மைக்கின் விலையில் பாதி. வால்வு மைக் வாங்க நினைப்பவர்கள் இந்தத் தொகையையும் இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள்.

2022இல் ஹம் திரும்பி வந்தது, இம்முறை மேல் ‘ச’. இதற்குக் காரணம் முழுக்க நான். இடம் போதவில்லை என்று பெட்டியைப் பவர் ஆம்ப்ளிஃபையரின் தலைமேல் ஏற்றி, சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். மூன்று வருடம் அது வெந்திருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய கணக்கு. முதலில் காட்டிய கடையில் திறந்துகூடப் பார்க்காமல், “புதுப் பெட்டி வாங்குங்கள்” என்றார்கள். அந்தக் கடையைப் பற்றி அவ்வளவு போதும். பிறகு மின்ட் தெருப் பக்கம், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை போட்டு ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நைனாவைத் தெரிந்தவர். மூடியைக் கழற்றியதும் முதல் காரியமாக, ரெசிஸ்டரை முனையில் கட்டிய ஒரு குச்சியால் கெப்பாசிட்டர்களில் மிஞ்சியிருந்த மின்சாரத்தை இறக்கினார். மீட்டரில் சுழி வந்த பிறகே விரலை உள்ளே விட்டார். தலை உப்பிய இரண்டையும், உப்பாத மற்றவற்றையும் சேர்த்தே மாற்றினார். 105 டிகிரி எழுதியவையாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னார், 85 டிகிரி எழுதியதைத் தொடவில்லை. கூலியும் சாமானும் 1,400 ரூபாய். வீட்டில் யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம். திறப்பதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பார்ப்பதற்கு சாதுவாகத்தான் இருக்கும். அந்தச் சாதுத்தனத்தை நம்பித்தான் ஆட்கள் கை வைக்கிறார்கள்.

கடற்காற்று தனிக்கதை. காசிமேட்டிலிருந்து வரும் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கும், மீனும் இருக்கும். மைக்கின் தலையில் இருக்கும் ஓரங்குல கேப்ஸ்யூல், தங்கம் பூசிய மெல்லிய ஏடு. அதிலிருந்து வரும் மின்னோட்டம் அவ்வளவு நுண்ணியது. ஈரம் படிந்து துளி கசிந்தாலும் எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சத்தம் வரும். இதைத் தடுக்க ரோட் நிறுவனம் நீலப் பாசிமணி போன்ற ஈரமுறிஞ்சிப் பொட்டலம் தருகிறது. மைக்கின் தலைப்பக்கம் வைக்க வேண்டும். ஈரம் குடித்து முடித்தால் இளஞ்சிவப்பாகும். 100 முதல் 150 டிகிரியில் பத்து நிமிடம் காயவைத்தால் மறுபடி நீலமாகும் என்று கையேட்டில் இருக்கிறது. எங்களிடம் ஓவன் இல்லை, பழைய இரும்புச் சட்டியில் மணியை மட்டும் கொட்டி, இளஞ்சூட்டில் புரட்டுகிறேன். நீல நிறம் கோபால்ட் உப்பால் வருவது, சமையல் பாத்திரம் பக்கம் போகவே கூடாது. என் மனைவி அந்தச் சட்டிக்கு விளிம்பில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை, சுவரெல்லாம் வியர்த்தது. மைக்கை மூடி இறுகிய எவர்சில்வர் சம்படத்தில், மூன்று பொட்டலத்தோடு வைத்து, பரணில் ஏற்றினேன். மின்சாரம் வந்தும் ஒரு நாள் விட்டுத்தான் போட்டேன். சிலர் அரிசியில் புதைக்கச் சொல்கிறார்கள். அரிசி மாவுத் தூசி வலைக்குள் போனால் ஈரமே தேவலாம் என்றாகிவிடும். ஏசி அறையில் குளிர்ந்த மைக்கை, சன்னலைத் திறந்த உடனே ஈரக் காற்றில் விடாதீர்கள். குளிர்ந்த சொம்பின் வெளியே முத்து முத்தாகப் பூப்பது இதற்குள்ளும் பூக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி எனக்குப் பிடிக்கும், ஆனால் மைக் சம்படத்துக்குள் போன பிறகுதான் தூபக்கால் உள்ளே வரும். அந்த ஏட்டில் மின்னூட்டம் இருப்பதால் தூசியும் புகையும் தேடிவந்து ஒட்டும். ஒட்டியதைத் துடைக்கும் தைரியம் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

போன வருடம் வால்வு போனது. இரைச்சல் மெல்லக் கூடி, நடுவில் காற்றடிப்பதுபோல ஒரு ‘ஃபூ’. மைக்கின் உடலைப் பென்சிலால் லேசாகத் தட்டினேன், ‘ணங்’ என்று மணி அடித்தது. நைனாவின் தகரப் பெட்டியில் பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் செய்த பழைய வால்வுகள் இன்னும் கிடக்கின்றன. தம்பி ஒரு ஈசிசி83ஐ எடுத்துக்கொண்டு வந்து, “அண்ணா, இதற்கும் ஒன்பது கால், சரியாகப் பொருந்துகிறது” என்றான். பொருந்தும். ஆனால் நான்காவது, ஐந்தாவது கால்களுக்கு இடையே அதன் இழை கேட்பது 12.6 வோல்ட், 6922 கேட்பது 6.3. உருவம் ஒன்று, பசி வேறு. ஈசிசி88 என்று ஒன்று உண்டு, தொலைக்காட்சி டியூனருக்காக வந்த வால்வு, 6922க்கு அண்ணன் தம்பி முறை. கால் அமைப்பும் ஒன்றே. ஆனால் அதன் தகடு தாங்குவது 130 வோல்ட் வரைதான், 6922 என்றால் 220. ஆகவே வால்வின் அட்டைப்பெட்டியில் 6922 அல்லது இ88சிசி (6922இன் ஐரோப்பியப் பெயர்) என்று எழுதியிருப்பதை மட்டுமே வாங்கினேன். மாற்றியதும் இரண்டு நாள் சும்மா எரியவிட்ட பிறகே பதிவுக்கு வைத்தேன்.

நான் இந்த மைக்கைப் பரிந்துரைப்பதற்கு ஒலியை விடப் பெரிய காரணம் இந்த வால்வுதான். ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த யு47 மைக்கை உலகமே கொண்டாடுகிறது. அதற்குள் இருந்தது டெலிஃபங்கனின் விஎஃப்14 வால்வு. அந்த வால்வை உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியதைப் பொன் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நாய்மனே 1960இல் யு67க்கு இஎஃப்86 வால்வுக்கு மாறிவிட்டது. 6922 ரகத்தை இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் புதிதாகச் செய்கிறார்கள். எனக்கு நான்கு நாளில் தபாலில் வந்தது. வேறு எந்த வால்வு மைக் வாங்கப் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: உள்ளே என்ன வால்வு, நாளைக்குக் கிடைக்குமா?

பழையது வாங்கப் போகிறவர்கள், பெட்டியை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஹெட்ஃபோனில் ஒன்றும் பேசாமல் பத்து நிமிடம் கேளுங்கள். விற்பவர் பேச்சுக் கொடுப்பார், கொடுக்கட்டும். கேபிளின் இரண்டு தலையையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் மின்னழுத்தம் 230க்கு ஏற்றதா என்று பிளக்கில் சொருகுமுன் படியுங்கள், 110 வோல்ட் நாட்டிலிருந்து பையில் வந்த சாமான்கள் பர்மா பஜார் பக்கம் உண்டு. தினம் ஒரு மணி நேரம் மட்டும் பதிகிறவர்கள், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பவர்கள், அவசரக்காரர்கள் சாதாரண கண்டென்சர் மைக்கோடு இருந்துவிடலாம், குறை ஒன்றும் இல்லை.

வாடகைக்குக் கேட்டு மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். தருகிறேன், ஒரு நாளைக்கு 800 ரூபாய். பெட்டியை மட்டும் நானே தூக்கிக்கொண்டு கூடவே வருவேன். என் கூலி தனி, மதியச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு.